டிம்பரின் பதினெட்டு நகங்கள்

நந்திதுர்க்,
3 பிப்ரவரி 2025

திரு. தாமோதரன் அவர்களுக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் முடிவு செய்தேன். எழுதுவதில்லை என்று முடிவு செய்யவில்லை. ஆகவே, என் முடிவு முறிந்துவிட்டது என்று நீங்களோ என் அக்காவோ மகிழ்ந்துகொள்ள வேண்டாம்.

விஷயம் நாயைப் பற்றியது. அக்டோபர் பதினான்காம் தேதி, தாராவின் பிரசவத்துக்கென்று நீங்கள் இருவரும் ரயிலேறிய காலையில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கேட்டில் கட்டிவிட்டுப் போன நாய். கழுத்துப்பட்டையில் ஒரு துண்டுச் சீட்டு: "டிம்பர். ஒன்பது வயது. எல்லாம் தின்னும். கடிக்காது." உங்கள் மகளின் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை என்பதைப் பிறகு சகாயம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொந்த அக்கா வீட்டுச் செய்தியை, தினமும் ரயிலில் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அறிய வேண்டிய நிலை. இதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

நாலு மாதமாகச் சோறு போடுகிறேன். அதில் புகார் இல்லை. புகார் அதன் நகங்களைப் பற்றி. சிமென்ட் தரையில் அது நடந்தால் யாரோ டைப் அடிப்பது போலக் கேட்கிறது. எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு. ஒவ்வொரு காலிலும் நான்கு. முன்னங்கால்களில் மட்டும் உள்பக்கமாக, தரையைத் தொடாத உயரத்தில், நம் கட்டைவிரல் போல ஒவ்வொன்று கூடுதல். தரையில் படாததால் இவை இரண்டும் தேயவே வழியில்லை. இடது கால் உள்நகம் கொக்கி போல வளைந்து, கூர்முனை தோலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இடையில் ஓர் அரிசி நுழையும் இடம்தான் மிச்சம். அது சதைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மிருக வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. இப்போதே அந்தக் காலை முழுதாக ஊன்றாமல் நடக்கிறது.

என் நகவெட்டியால் ஒரு நகத்தை வெட்டிப் பார்த்தேன். வெட்டுப்படவில்லை, நசுங்கி நெடுக்காகப் பிளந்தது. ராபர்ட்சன்பேட்டையில் தேடி, நாய்க்கென்றே செய்த, கத்தரிக்கோல் போன்ற ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் நாய் என் மணிக்கட்டைக் கவ்வியது. ரத்தம் இல்லை, நான்கு பல்தடம். "கடிக்காது" என்ற வாசகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வரவழைத்தேன். ஏற மறுத்துச் சாலையில் படுத்துக்கொண்டது. இந்தக் காலோடு அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாது.

நான் அறிய விரும்புவது ஒன்றுதான். இங்கே வந்த அன்று இதன் நகங்கள் அளவெடுத்தது போல ஒழுங்காக இருந்தன. ஒன்பது வருடமாக அதை யார், எப்படிச் செய்தார்கள்? சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் நாயை வந்து கூட்டிப்போங்கள்.

கடிதம் கொண்டுபோக முடியுமா என்று சகாயத்திடம் கேட்டபோது அவர், "இன்னா சார், நாய் நகத்துக்குப் போய் லெட்டரா? ஒரு போன் அடிச்சா முடிஞ்சுது" என்றார். போன் வழி அடைத்திருக்கிறது என்றேன். "அப்போ நான் இன்னா, தபால் டிபார்ட்மென்ட்டா?" என்று சொல்லிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். பதிலையும் அவரிடமே கொடுக்கவும்.

சௌந்தரராஜன், எம்.எஸ்ஸி.


ஒயிட்ஃபீல்டு,
5 பிப்ரவரி 2025

மச்சான் சௌந்தரத்துக்கு,

உன் கடிதத்தை ஸ்டேஷன் வாசலில் நின்றே படித்தேன். சகாயம் பக்கத்தில் நின்று, "இன்னா எழுதி இருக்காரு, திட்டா?" என்று கேட்டார். "கொஞ்சம்தான்" என்றேன்.

உன்னைக் கேட்காமல் கட்டிவிட்டுப் போனது தப்பு. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. முடியாது என்று சொல்பவன் நாலு மாதம் சோறு போட்டிருக்க மாட்டான் என்று உன் அக்கா இப்போது சொல்கிறாள். அவள் சொன்னது. என் மேல் கோபப்படாதே.

நகம் வெட்டியது நான்தான். மாதம் இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமை, முகச்சவரம் செய்த பிறகு. இதில் வித்தை எதுவும் இல்லை மச்சான். தரையில் உட்கார்ந்து வெட்டுக் கருவியைக் கையில் எடுப்பேன். அது வந்து காலைத் தானே தூக்கிக் கொடுக்கும். முடிந்ததும் எழுந்து போகும். பிடித்ததும் இல்லை, அதட்டியதும் இல்லை. உன்னிடம் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

வெட்டும் முறையைச் சொல்கிறேன். நகத்துக்குள் பாதி தூரம் உயிர் ஓடுகிறது. சதையும் ரத்தமுமாக இருக்கும். அதில் பட்டால் நாய்க்கு உயிர் போய்விடும் போல வலிக்கும், ரத்தமும் லேசில் நிற்காது. நம் டிம்பருக்குப் பதினேழு நகம் கறுப்பு. உள்ளே இருப்பது தெரியாது. வலது பின்னங்காலில் ஒன்று மட்டும் வெள்ளை. அதில் ஆரம்பி. கறுப்பு நகத்தில் ஒரே வெட்டாக வெட்டாதே. நுனியிலிருந்து காகிதம் போல மெல்லிசாகச் சீவு. ஒருமுறை சீவு, பார். மறுபடி சீவு, பார். ரத்தம் வந்தால் சோளமாவை அள்ளி ஐந்து நிமிடம் அழுத்திப் பிடி. ஒரு டப்பாவில் பக்கத்திலேயே வைத்துக்கொள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதே.

இன்னொன்று. பங்காருபேட்டையில் டென்னிஸ், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் என்னோடு வேலை பார்த்தவர், தோட்டத்துக்கு ஒரு காவல் நாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார். 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து கூட்டிப்போகத் தயார். அங்கே பகல் முழுக்கச் சங்கிலியில்தான் இருக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் வளர்ந்த நாய். அதுதான் எனக்கு மனசு வரவில்லை. ஆனால் உன்னால் முடியாது என்றால் சொல், ஏற்பாடு செய்கிறேன்.

பேரன் நன்றாக இருக்கிறான். நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

தாமோதரன்


நந்திதுர்க்,
10 பிப்ரவரி 2025

திரு. தாமோதரன் அவர்களுக்கு,

உங்கள் முறைப்படி ஐந்து நாள் முயன்றேன். கண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

நாய் அசந்து தூங்கும்போது வெள்ளை நகத்துக்குப் பின்னால் போனின் டார்ச்சைப் பிடித்தேன். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கூம்பு தெரிந்தது. அடியில் அகலம், நுனியை நோக்கிக் குறுகல். அதற்கு அப்பால் வெறும் கண்ணாடி போன்ற ஓடு. ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவீர்களோ என்னவோ. ஏழு வருடம் தங்கச் சுரங்கத்தில் சாம்பிள் எடுத்தவன் நான். பாறைக்குள் தங்கம் இருக்கும் வெள்ளைக்கல் ரேகை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பாறை முகப்பில் சில்லுச் சில்லாகப் பெயர்த்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். (அதற்குரிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது வேறு கதை.) அதே கணக்குதான் இங்கேயும். வெள்ளை நகத்தை, நாய் விழிக்கும் முன்பே வெட்டி முடித்தேன்.

கறுப்பு நகத்தில் வெளிச்சம் ஊடுருவவில்லை. பின்னங்காலில் ஒன்றை, படித்தவன் என்ற திமிரில், ஒரே வெட்டாக வெட்டினேன். ரத்தம் கொட்டியது. நாய் ஊளையிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது. நானும் வயிற்றால் ஊர்ந்துபோய், அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டே சோளமாவை வைத்து அழுத்தினேன். நின்றது. அன்று முழுவதும் அது என்னைப் பார்க்கவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் வெட்டிப்போட்ட துண்டை எடுத்துப் பார்த்தேன். வெட்டு முகத்தின் ஓரம் சுண்ணாம்பு போலக் காய்ந்திருந்தது. நடு மையத்தில் ஈரமாக ஒரு கரும்புள்ளி. சீவிக்கொண்டே வரும்போது அந்தப் புள்ளி தலைகாட்டினால் நிறுத்த வேண்டும் என்று புரிந்துகொண்டேன். இதை நீங்கள் எழுதவே இல்லை. "சீவு, பார்" என்றீர்கள். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

இப்போது விசித்திரத்துக்கு வருகிறேன். நான் தரையில் உட்கார்ந்து வெட்டும் கருவியை எடுத்தால் நாய் ஓடுவதில்லை. வருகிறது. எதிரில் உட்காருகிறது. என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் வலது கையைப் பார்க்கிறது. எதற்கோ காத்திருக்கிறது. காத்திருந்து, சில வேளை காலை லேசாக உயர்த்தவும் செய்கிறது. சரி, வெட்டிவிடலாம் என்று நான் சோளமாவு டப்பாவைத் தரையில் வைத்ததும் எழுந்து போய்விடுகிறது. ஐந்து நாளில் ஒன்பது முறை இப்படி நடந்தது. டப்பாவை வைப்பதற்கும் அது எழுவதற்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை. பிடித்து நிறுத்தினால் கவ்வுகிறது.

இடது உள்நகம் அப்படியே இருக்கிறது. அரிசி நுழையும் இடம் இப்போது இல்லை. முனை தோலைத் தொட்டுவிட்டது. அங்கே சிவந்திருக்கிறது.

நீங்கள் எதையோ சொல்லாமல் விடுகிறீர்கள். வேண்டுமென்றேயா, மறதியா என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாததும், வர வேண்டிய இடத்துக்கு வராததும் உங்களுக்குப் பழக்கம்தானே. தாராவின் கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா தாம்பாளத்தோடு தாய்மாமன் வீட்டுக்கு நேரில் வந்து அழைக்க வேண்டும், அப்படி அழைக்கப்பட்டவன்தான் பெண்ணை மணமேடைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நம் வழக்கம் இது. பட்டு வேட்டி கட்டி விடியற்காலை முதல் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. முகூர்த்தம் முடிந்தது. என் இடத்தில் எங்கள் பெரியம்மா மகன் பரத் நின்றான். அழைப்பிதழில் அவன் பெயருக்குப் பின்னால் பி.இ. போடத் தெரிந்தவர்களுக்கு என் எம்.எஸ்ஸி. மட்டும் அச்சில் ஏறவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

சௌந்தரராஜன், எம்.எஸ்ஸி.


ஒயிட்ஃபீல்டு,
12 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

நாயைப் பற்றி முதலில்.

நீ எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். வலது கையைப் பார்த்துக் காத்திருக்கிறது என்ற இடத்தில் தாரா நிறுத்தச் சொன்னாள். "அப்பா, நீங்க கையால இன்னாவோ செய்றீங்க. உங்களுக்கே தெரியல. தரையில உக்காருங்க" என்றாள். ஒரு தலையணையை எதிரில் வைத்து இதுதான் டிம்பர் என்றாள். கையில் பேரனுடைய நகவெட்டியைக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"செய்யுங்கப்பா."

"இன்னாத்த செய்றது? தலகாணி கால நீட்டுமா?"

"ஞாயித்துக்கெழமை செய்வீங்களே, அப்படியே."

உட்கார்ந்தேன். கருவியை எடுத்தேன். உன் அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தட்டினீங்க பாருங்க. மூணு தபா" என்றாள். நான் எங்கே தட்டினேன் என்றேன். "இப்பத்தான். வெரல மடக்கித் தரையில. கேஸ் பத்த வெக்கிறதுக்கு முன்னாடி தட்டுவீங்க. வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி தட்டுவீங்க. முப்பத்தஞ்சு வருஷமா கேக்குறேன், இந்த மனுஷனுக்குத் தெரியாதாம்" என்றாள். மறுபடி செய்யச் சொன்னார்கள். செய்தேன். இந்தத் தடவை எனக்கே கேட்டது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. நீயும் கேஜில் ஏறி இறங்கியவன். ஆனாலும் எழுதுகிறேன். இருபத்தொரு வருடம் கேஜ் வாசலில் மணி அடித்தவன் நான். நம் ஷாஃப்ட்டில் மூன்று மணி என்றால் ஆள் ஏறுகிறது, மெதுவாக நகர்த்து என்று அர்த்தம். ஒரு மணி என்றால் நிறுத்து. உயிர் சம்பந்தப்பட்ட எதையும் மூன்று அடிக்காமல் தொட்டதில்லை. சுரங்கம் மூடி இருபத்துநாலு வருடம் ஆகியும் கை நிறுத்தவில்லை போலிருக்கிறது. நகம் வெட்டி முடித்ததும் ஒரு தட்டு தட்டுவேனாம், அதையும் தாரா செய்து காட்டினாள். டிம்பர் குட்டியிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறது. மூன்று கேட்டால் காலைக் கொடுக்க வேண்டும், ஒன்று கேட்டால் வேலை முடிந்தது, போகலாம்.

இப்போது உன் டப்பாவை நினைத்துப் பார். ஒவ்வொரு தடவையும் அதைத் தரையில் டொக் என்று வைத்து, முடிந்தது போ என்று நீயே சொல்லி அனுப்பியிருக்கிறாய். சொன்னபடி அது எழுந்து போயிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாய். கடிக்காமல் என்ன செய்யும்?

டப்பாவை மடியில் வைத்துக்கொள். விரலை மடக்கி மூன்று தட்டு. அவ்வளவுதான்.

அடுத்தது நீ எழுதிய கடைசிப் பத்தி. ஏழு வருடமாக நான் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இப்போதும் சண்டைக்காக எழுதவில்லை. நான் வந்தேன் மச்சான். காலை ஐந்தரை மணி. கையில் தாம்பாளம். உன் கதவைத் தட்டினேன். நின்றேன். பதில் இல்லை. மணி அடித்தால் கேஜை இயக்கும் இஞ்சின் அறையிலிருந்து பதில் மணி வரவேண்டும். வராமல் கேஜை நகர்த்தக் கூடாது, திரும்ப அடிக்கவும் கூடாது. அப்படியே பழகியவன் நான், கத்திக் கூப்பிடும் பழக்கம் என்றைக்கும் கிடையாது. நீ எங்களுக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்விட்டாய் என்று நினைத்துத் திரும்பினேன். அங்கே நீ இல்லை. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, ஆளை அனுப்ப நேரம் இல்லை.

உன் அக்காவிடம் சொன்னேன். யாரும் வரவில்லை என்று நீ சொன்னதாகச் சொன்னாள். "என் தம்பி கோவக்காரன், பொய் பேச மாட்டான்" என்றாள். அதோடு நான் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. இன்றைக்கும் தாராவின் கல்யாண ஆல்பத்தை யாராவது எடுத்தால் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். நான் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ தூங்கிப்போயிருப்பாய். அல்லது குளித்துக்கொண்டிருந்திருப்பாய். போகட்டும்.

அழைப்பிதழில் எம்.எஸ்ஸி. விட்டுப்போனது என் தப்பு. புரூஃப் பார்த்தது நான்தான்.

தாமோதரன்


நந்திதுர்க்,
14 பிப்ரவரி 2025

திரு. தாமோதரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தட்டிப் பார்க்கவில்லை. காரணத்தை எழுத விரும்பவில்லை.

டென்னிஸை 23ஆம் தேதி வரச் சொல்லுங்கள். நாய் தயாராக இருக்கும்.

சௌந்தரராஜன்


ஒயிட்ஃபீல்டு,
17 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

டென்னிஸிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு பதினொரு மணிக்கு வருவார். பழைய போர்வை ஒன்று சீட்டில் விரித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஆட்டோவில் ஏறாத நாய் அவர் வண்டியில் எப்படி ஏறும் என்று தெரியவில்லை.

நீ கடிதத்தில் எம்.எஸ்ஸி. போடவில்லை. உடம்பு சரியில்லையா என்று உன் அக்கா கேட்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மற்ற நகங்கள் கிடக்கட்டும். அந்த உள்நகத்தை மட்டும் எப்படியாவது எடுத்துவிடு. டென்னிஸ் நல்ல மனிதர், ஆனால் காவல் நாயின் காலைத் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை. சங்கிலியில் கிடக்கும்போது அது உள்ளே இறங்கினால் யாருக்கும் தெரியாது. காரணம் எழுத விரும்பவில்லை என்று எழுதினாய். எனக்குக் காரணம் வேண்டாம். தட்டினால் போதும்.

தாமோதரன்


நந்திதுர்க்,
20 பிப்ரவரி 2025

மாமா,

இந்த வார்த்தையை எழுதி ஏழு வருடம் ஆகிறது. இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் தாளில் எழுதுகிறேன்.

இன்று எனக்குக் கல்லூரியில் வகுப்பு இல்லை. கெஸ்ட் லெக்சரருக்கு வகுப்பு இல்லாத நாட்களே அதிகம். மத்தியானம் டிம்பர் வாசல் கதவை ஒட்டிப் படுத்து இடது காலை நக்கிக்கொண்டே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முனை தோலில் ஒரு குழி செய்துவிட்டது. இன்னும் கிழிக்கவில்லை. ஞாயிறுவரை தாங்காது என்று தெரிந்தது.

சோளமாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். விரலை மடக்கினேன். தரை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என் கை கதவுக்குத்தான் போனது. கதவின் உள்பக்கத்தில் மூன்று முறை தட்டினேன்.

நாய் நக்குவதை நிறுத்தியது. எழுந்தது. நொண்டிக்கொண்டு வந்து, இடது முன்னங்காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தது. வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது, ஊசி போட்டுக்கொள்ளும் ஆள் திருப்பிக்கொள்வது போல. நாலு மாதமாகச் சோறு போட்டவனுக்கு அது கொடுக்காததை, மூன்று தட்டுக்குக் கொடுத்தது.

வளைந்த முனையை முதலில் குறுக்காக ஒரு துளி மட்டும் வெட்டினேன், தோலை விட்டு விலக. பிறகு சீவினேன். சீவினேன், பார்த்தேன். ஏழாவது சீவலில் நடுவே ஈரமாகக் கரும்புள்ளி எட்டிப் பார்த்தது. நிறுத்தினேன். குழிந்த இடத்தை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். இந்த நேரம் முழுவதும் கால் என் கையிலேயே கனமாக இருந்தது. இழுக்கவில்லை. வலது உள்நகத்தையும் முடித்தேன். பிறகு தரையில் ஒரு தட்டு. எழுந்து, உடம்பை உதறி, நாலு காலையும் ஊன்றி முற்றம்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தது. டைப் அடிக்கும் சத்தம் இன்னும் இருக்கிறது. மற்றவற்றை வாரத்துக்கு இரண்டாகச் செய்ய வேண்டும். அடிக்கடி சீவினால் உள்ளே இருக்கும் உயிரும் மெல்லப் பின்வாங்கும் என்று படித்தேன். அது உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே டென்னிஸை வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி காரணம்.

அந்த 2018 ஜூன் காலையில் நான் தூங்கவில்லை. குளிக்கவும் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம், பட்டு வேட்டியில், கையைத் தாழ்ப்பாள் மேல் வைத்து நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் தெருவில் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டியது கேட்டது. மூன்று தட்டு. உங்கள் கடிதத்தில் மூன்று என்று எழுதவில்லை. அதை நான்தான் எழுத முடியும். எண்ணியவன் நான்.

ஏன் திறக்கவில்லை? அழைப்பிதழில் எம்.எஸ்ஸி. இல்லாததால். இந்தக் காரணத்தைத் தாளில் பார்க்கும்போது எவ்வளவு சிறியதாக இருக்கிறது. வெறும் தட்டுக்கெல்லாம் திறந்துவிடக் கூடாது, "மச்சான்" என்று வாய்விட்டுக் கூப்பிடட்டும், இரண்டு முறையாவது கூப்பிடட்டும், அதன்பிறகு திறக்கலாம் என்று நின்றேன். நீங்கள் கூப்பிடவில்லை. நான் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அப்போதும் ஓடி வந்திருக்கலாம். மண்டபம் பத்து நிமிட நடை. இப்போது வருவார், இன்னொரு முறை வருவார் என்று ஒன்பது மணிவரை நின்றேன். அக்கா பிறகு வந்து கேட்டபோது, யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். முதல்முறை சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடம் சொல்லிச் சொல்லி, போன வாரம் உங்கள் கடிதம் வரும்வரை அதை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குக் கூப்பிடும் பழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே கேஜில் உங்கள் மணியை நம்பி ஏழு வருடம் இறங்கியவன் நான். ஒரு நாளும் பயந்ததில்லை.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். என் கையெழுத்தைக் காட்டுங்கள். அவள் ஆல்பத்தைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் வருவதாக இருந்த நேரத்துக்கு நீங்கள் வரலாம். டிம்பருக்கு இன்னும் பதினான்கு நகம் பாக்கி. நீங்கள் எந்தக் கோணத்தில் சீவுவீர்கள் என்று பார்க்க எனக்கு ஆவல். என் போனில் உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்லியிருக்க முடியாது.

சௌந்தரம்


ஒயிட்ஃபீல்டு,
21 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

போன் செய்யலாம்தான். ஆனால் சகாயம் ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருக்கிறார். "கடைசி லெட்டருங்களா? பழகிப் போச்சு சார்" என்கிறார். அவருக்காகவும் எழுதுகிறேன்.

படித்துக் காட்டவில்லை. உன் அக்கா என் கையிலிருந்து பிடுங்கி அவளே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தாம்பாளத்துல இன்னா இன்னா வெச்சு எடுத்துக்கினு போனீங்க?" என்று கேட்டாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், இரண்டு சீப்பு வாழைப்பழம், உனக்கு எடுத்த துண்டு என்று சொன்னேன். "துண்டு இன்னா கலர்?" என்றாள். பச்சைக்கரை என்றேன். பேரனைத் தாராவிடம் கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பரத் வருகிற பக்கத்தை மட்டும் சீக்கிரம் திருப்பிவிட்டாள்.

டென்னிஸிடம் சொல்லியாயிற்று. கோபம் இல்லை. வேறு நாய் பார்த்துக்கொள்கிறாராம். நகத்தைக் கொஞ்சம் சாய்த்து, பாதத்தின் சரிவோடு சரிவாகச் சீவ வேண்டும். வந்து காட்டுகிறேன். உள்ளே இருக்கும் உயிர் பின்வாங்குவது உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் இருவரும் வருகிறோம். நான் தட்ட மாட்டேன். உன் அக்காதான் தட்டுவாளாம், உன்னோடு அவளுக்குத் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறதாம். எத்தனை தட்டு தட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. கதவை ஒட்டி நிற்காதே.

தாமோதரன்